உங்களுக்குத் தெரியுமா? சண்டை முற்றும் முன் ஒரு வீடியோ கால்

கல்யாணம் பேசி முடிக்க ஊரே கூடுகிறது. அதே கல்யாணம் ஆட்டம் காணும்போது அம்மா வீட்டில் ஒரு நியாயம், மாமியார் வீட்டில் ஒரு நியாயம். இரண்டு பக்கமும் சாயாத ஒரு கவுன்சலரை ஆன்லைனில் தேடுகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

● திரை வழியாக மனசு விட்டுப் பேச முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் டாஸ் குழுவினர், தம்பதியருக்கான இணையவழித் திட்டம் ஒன்றை 300 ஜோடிகளிடம் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட, திட்டத்தில் சேர்ந்தவர்களின் உறவு மேம்பட்டிருந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்திருந்தன.

● நம் ஊரில் யார் வேண்டுமானாலும் ‘மேரேஜ் கவுன்சலர்’ என்று போட்டுக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மற்றவர்களிடம் என்ன படித்தார்கள், தம்பதியருடன் எத்தனை ஆண்டு வேலை செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். முகம் சுளிப்பவர் வேண்டாம்.

● முதல் அமர்விலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பலர் கேட்பதில்லை. பல கவுன்சலர்கள் இடையில் ஒவ்வொருவரிடமும் தனியாகவும் பேசுவார்கள். ‘நான் தனியாகச் சொல்வதை அவரிடம் சொல்வீர்களா?’ ஒரு கடன், பழைய காதல், வேலை போனது என எதுவாகவும் இருக்கலாம். தம்பதிக்குள் ரகசியம் காக்க மாட்டேன் என்பது சிலரின் விதி. காப்பேன் என்பது வேறு சிலரின் விதி. எதுவானாலும் மனசைத் திறக்கும் முன்பே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

● கூட்டுக் குடும்பத்தில் கதவைச் சாத்தினாலே கேள்வி வரும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து பேசலாம். வண்டி நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். போனைக் கையில் பிடிக்காமல் டேஷ்போர்டில் சாய்த்து வையுங்கள். இரண்டு முகமும் முடிந்தால் கைகளும் தெரியட்டும். அவர் பேசும்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்புவதும், துப்பட்டா நுனியை முறுக்குவதும் கவுன்சலருக்குத் தெரிய வேண்டிய சேதிகள். ஆளுக்கொரு ஊரில் இருந்தால் மூன்று திரையில் சேரலாம். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம்.

● தம்பதியரின் சண்டைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேன், பிரிவுக்குப் பெரிய அறிகுறியாகச் சொன்னது கோபத்தை அல்ல, இளக்காரத்தை. ‘உனக்கென்ன தெரியும்’ என்று உதட்டைச் சுழிப்பதுதான் அது. சண்டையில் படபடப்பு ஏறிவிட்டால் 20 நிமிடமாவது பேச்சை நிறுத்தச் சொல்கிறார். ‘அப்புறம் பேசலாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். சொல்லாமல் போனால் அது இன்னொரு சண்டை.

● கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமர்வை யாரும் பதிவு செய்வதில்லை என்று முதலிலேயே பேசி முடிவெடுங்கள். பதிவாகிறதோ என்ற பயம் இருக்கும்வரை உண்மை வெளியே வராது.

● அடி, மிரட்டல், போனைப் பிடுங்கிப் பார்ப்பது நடக்கும் வீட்டுக்கு ஜோடி கவுன்சலிங் ஏற்றதல்ல. அமர்வில் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழலாம். பெண்கள் உதவி எண் 181. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு உத்தரவும் அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் தருகிறது.

● காசில்லையா? 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் இது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தொடர் தம்பதியர் சிகிச்சை இதுவல்ல. ஆனால் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் பேச ஆள் கிடைக்கும், அடுத்து எங்கே போவது என்றும் சொல்வார்கள்.

● கணவர் வரமாட்டேன் என்கிறாரா, மனைவி மறுக்கிறாரா? நீங்கள் மட்டும் தொடங்கலாம். பிற்பாடு அவர் வரச் சம்மதித்தால், ‘கவுன்சலர் ஏற்கெனவே உன் ஆள்’ என்ற எண்ணம் அவருக்கு வரக்கூடும். அப்போது இருவருக்குமாகப் புதிதாக ஒருவரைப் பார்ப்பதா, இவரிடமே தொடர்வதா என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.