பழைய பயிற்றுநரைத் திரும்ப அழைக்கலாமா?

புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நம்முடைய காற்பந்துக் குழு தோற்றுவிட்ட இரவுகளில், ஸ்ரீ பெட்டாலிங் தடத்து எல்.ஆர்.டி. ரயில் சுங்கை பீசியையும் பண்டார் துன் ரசாக்கையும் கடந்து சாலாக் செலாத்தானை வந்தடைவதற்குள், கம்பியைப் பிடித்து நின்றபடி வரும் ரசிகர்களிடையே ஒரு பெயர் தவறாமல் அடிபடும். டத்தோ கே. ராஜகோபால் என்பது அந்தப் பெயர். அவரையே மறுபடியும் அழைத்தால் என்ன என்று ஒருவர் கேட்பார். அவருடைய காலம் போய்விட்டது என்று மற்றொருவர் மறுப்பார். வழக்கு முடிவதற்குள் இறங்க வேண்டிய நிலையம் வந்துவிடும். மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் அதே வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒரு முறை கீர்த்தி தேடித் தந்துவிட்டு விலகிய தலைமைப் பயிற்றுநரை மீண்டும் அதே ஆசனத்தில் அமர்த்துவது உசிதமா என்ற இந்தக் கேள்வி, காற்பந்து, கூடைப்பந்து, பூப்பந்து என்ற பேதமில்லாமல் எல்லா விளையாட்டு நிர்வாகங்களையும் என்றாவது ஒரு நாள் எதிர்கொள்ளத்தான் செய்கிறது. ஞாபகத்தின் இனிமையைச் சற்றே ஒதுக்கிவைத்து, உண்மையில் நடந்த சம்பவங்களைக் கொண்டு இதைப் பரிசீலிப்பதே நியாயம்.

செத்தாப்பாக்கில் பிறந்து, ஆட்டக்காரராகவும் பெயர் பெற்ற ராஜகோபால் 2009-ஆம் ஆண்டில் தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்றபோது மலேசியக் காற்பந்து தாழ்ந்து கிடந்தது. அவ்வாண்டு ஜனவரியில்தான் சொந்த மண்ணிலேயே ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றிருந்தோம். அந்த நிலையில் அவர் மூத்த ஆட்டக்காரர்களின் பெயரையும் புகழையும் நம்பாமல், 23 வயதுக்குட்பட்ட பையன்களை ஆதாரமாகக் கொண்டு ஒரு குழுவைக் கட்டினார். அந்தப் பையன்கள் அதே ஆண்டு டிசம்பரில் வியந்தியானில் வியட்நாமை 1-0 என்று வென்று, 20 ஆண்டுகளுக்குப் பிறகு சீ விளையாட்டுப் போட்டியின் காற்பந்துத் தங்கத்தைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு நடந்தது அதைவிட விசேஷமானது. 2010 டிசம்பர் 1-ஆம் தேதி ஜகார்த்தாவில் ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்று அவமானப்பட்டுத் திரும்பிய குழு, நான்கு வாரம் முடிவதற்குள், டிசம்பர் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில், அதே இந்தோனேசியாவுக்கு எதிரான இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் நின்றது. லேசர் ஒளி பாய்ச்சப்படுவதாக எதிரணியின் கோல்காவலர் முறையிட, ஆட்டம் சில நிமிஷங்கள் நின்று மீண்டும் தொடங்கிய பிறகு, பன்னிரண்டு நிமிஷ அவகாசத்திற்குள் மூன்று கோல் விழுந்தன. சாஃபீ சாலி இரண்டு, அஷாரி சம்சுடின் ஒன்று. டிசம்பர் 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றபோதிலும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் முதன்முறையாக நம்முடையதாயிற்று. டிசம்பர் 31-ஐ அரசாங்கம் பொது விடுமுறையாக்கியது.

அதற்குப் பிந்திய கதையை ரயிலில் வழக்காடுகிறவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2011-இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் தோற்று வெளியேறினோம். 2012-இல் ஆசியான் கிண்ண அரையிறுதியில் தாய்லாந்து நம்மை நிறுத்திவிட்டது. 2013-இன் முடிவோடு ராஜகோபாலின் ஒப்பந்தமும் முடிந்தது. ரசிகருடைய மனம் டிசம்பர் 29-ஐ மட்டும் போற்றி வைத்துக்கொண்டு டிசம்பர் 1-ஐ மறந்துவிடுகிறது. இது மனித சுபாவம், குற்றமென்று சொல்வதற்கில்லை. ஆனால் கிளானா ஜெயாவில் காற்பந்துச் சங்கத்தின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பழையவரைத் திரும்ப அழைத்த அனுபவம் அந்த மேஜைக்குப் புதிதுமன்று. 2011-இல் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவைப் பினால்டியில் வென்று சீ போட்டித் தங்கத்தைத் தக்கவைத்த ஓங் கிம் சுவீயை, ராஜகோபால் விலகியதும் 2014-இன் தொடக்கத்தில் தற்காலிகமாக அமர்த்தினார்கள். சில மாதங்களில் அந்த இடம் டோலா சாலேவிடம் போயிற்று. 2015 செப்டம்பர் 3-ஆம் தேதி அபுதாபியில் 0-10 என்ற தோல்வி வந்து டோலா பதவி விலகியவுடன், மறுபடியும் அழைக்கப்பட்டவர் அதே ஓங் கிம் சுவீதான். ஐந்து நாள் கழித்து ஷா ஆலாம் அரங்கில் சவூதி அரேபியாவுக்கு எதிராக அவருடைய குழு 1-2 என்று பின்தங்கியிருந்த சமயத்தில், ரசிகர்கள் திடலில் எறிந்த தீப்பந்தங்களால் ஆட்டமே முடிவுக்கு முன் கைவிடப்பட்டது. சங்கத்தின் மீது ஜனங்களுக்கு இருந்த ஆத்திரத்தை ஒரு பயிற்றுநரா தணிக்க முடியும்? ஆட்டக்காரர்கள் அவர்களே, நிர்வாகம் அதுவே, எதிரில் வந்த தேசங்களும் அவையே. அவரை அழைத்தவர்கள் அவருக்குத் தந்தது நெருக்கடியை மட்டுமே. குழுவைப் புதிதாக அமைப்பதற்கான அவகாசத்தைத் தரவில்லை. 2016 ஆசியான் கிண்ணத்தில் குழுச் சுற்றோடு வெளியேறி, 2017-இல் அவர் மூத்த குழுவை விட்டு நீங்க நேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

இந்தப் பிரச்சினையின் பிரசித்தமான திருஷ்டாந்தம் அமெரிக்கக் கூடைப்பந்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குழுவுக்கு 2000, 2001, 2002 ஆகிய மூன்றாண்டுகளும் பட்டம் பெற்றுத் தந்த ஃபில் ஜாக்சன், 2004 இறுதிச் சுற்றில் டெட்ராய்ட்டிடம் தோற்ற பிறகு விலகினார். விலகியதோடு, தம்முடைய பிரதான ஆட்டக்காரரான கோபி பிரயன்டைக் கடுமையாக விமரிசித்து ஒரு நூலும் வெளியிட்டார். அவரில்லாத அடுத்த பருவத்தில் 34 வெற்றி, 48 தோல்வி என்று குழு நிலைகுலைந்தது. 2005-இல் அவரை மீண்டும் அழைத்தார்கள். யாரைப் பற்றிக் குறை எழுதினாரோ அவரோடேயே சேர்ந்து உழைத்து, 2009-இலும் 2010-இலும் மேலும் இரண்டு பட்டங்களை அவர் வென்றார். ஆட்சேபத்துக்கு இடமில்லாத வெற்றி இது. ஆயினும், திரும்பி வந்தது பழைய வீட்டுக்கன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஷகில் ஓநீல் மயாமிக்குப் போய்விட்டிருந்தார். ஓநீலுக்கும் பிரயன்டுக்கும் இடையே இருந்த பூசல் அவரோடு போயிற்று. புதிய ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஜாக்சனின் முக்கோண ஆட்டமுறையை மறுபடி ஊன்றுவதற்கு நிர்வாகம் நான்கு பருவங்கள் பொறுத்திருந்தது.

2011-இல் ஓய்வு பெற்ற ஜாக்சனை மூன்றாம் முறை அழைப்பதா என்ற விவாதம் 2012 நவம்பரில் எழுந்தது. பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்றதும் பயிற்றுநர் மைக் பிரவுனை நீக்கிவிட்டு, நிர்வாகிகள் ஜாக்சனின் இல்லத்துக்கே சென்று பேசினார்கள். அரங்கில் ஜனங்கள் அவர் பெயரைக் கோஷமிட்டார்கள். யோசித்துப் பதில் சொல்ல அவகாசமிருப்பதாக ஜாக்சன் எண்ணியிருக்க, நள்ளிரவில் தொலைபேசியில் வந்த செய்தி, மைக் டி'ஆன்டோனி நியமிக்கப்பட்டார் என்பது. அந்தப் பருவம் முதல் சுற்றிலேயே சான் அன்டோனியோவிடம் நான்கு ஆட்டமும் தோற்று முடிந்தது. ஜாக்சன் வந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று இதிலிருந்து நிரூபிக்க இயலாது. முதியவர்களும் காயமுற்றவர்களும் நிறைந்த குழு அது. எனினும், அழைத்துப் பேசிய மனிதரை நடத்திய விதம் முறையற்றது என்றே சொல்வேன். பழைய பயிற்றுநரிடம் பேசப் போகும் நிர்வாகம், முதலில் தன் மனத்தில் ஒரு தீர்மானத்தோடு போக வேண்டும்.

வெளிநாடு வரை போகாமலே, பூப்பந்துப் பயிற்சிக்கூடம் இருக்கும் நம்மூர் புக்கிட் கியாராவில் இதற்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நம்முடைய சியா சூன் கிட் - யாப் கிம் ஹோக் இணையைத் தோற்கடித்துத் தங்கம் வென்ற இந்தோனேசியரான ரெக்சி மைனாக்கி, 2005-இல் மலேசியப் பூப்பந்து சங்கத்தின் இரட்டையர் பயிற்றுநராக வந்தார். அவர் சேர்த்து வைத்த கூ கியென் கியாட் - தான் பூன் ஹியோங் இணை 2006-இல் டோஹா ஆசியப் போட்டியின் தங்கத்தையும், 2007-இல் அகில இங்கிலாந்துப் பட்டத்தையும் வென்றது. 2012-இல் விலகிய அவர், இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் தேசியப் பொறுப்புகளை வகித்துவிட்டு, 2021-இன் பிற்பகுதியில் மறுபடியும் இங்கே அழைக்கப்பட்டார். இம்முறை அவர் தனியொரு பிரிவின் பயிற்றுநராக வரவில்லை. இரட்டையர் பிரிவுகள் அனைத்தையும் மேற்பார்க்கும் அதிகாரத்தோடு வந்தார். 2022 ஆகஸ்டில் தோக்கியோவில் ஆரோன் சியா - சோ வூய் யிக் இணை, மலேசியப் பூப்பந்து வரலாற்றின் முதல் உலக வெற்றியாளர் பட்டத்தை வென்றது. பெர்லி தான் - தீனா முரளிதரன் இணை அதே ஆண்டு பர்மிங்காமில் காமன்வெல்த் தங்கமும், 2025-இல் பாரிஸ் உலகப் போட்டியில் வெள்ளியும் பெற்றது.

இந்தக் கீர்த்தியை ரெக்சி ஒருவர் கணக்கிலேயே எழுதுவது தர்மமாகாது. ஆரோன் இணைக்குத் தோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் கிடைத்தபோது பயிற்றுநர் ஃப்ளாண்டி லிம்பேலே. உலகப் பட்டத்தின்போது அவர்களை நாள்தோறும் பயிற்றுவித்தவர் தான் பின் ஷென். ஒலிம்பிக் தங்கம் இன்னும் வரவுமில்லை. ஆயினும், வேறு தேசங்களில் கற்ற அனுபவத்தோடு, விலகியபோது இருந்ததைவிடப் பெரிய பொறுப்பில், புதிய தலைமுறை ஆட்டக்காரர்களிடம் வந்தது ரெக்சியின் மீள்வருகைக்கு வலுவாயிற்று. அதே புக்கிட் கியாராவுக்கு, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நமக்குப் பயிற்றுநராக இருந்த டென்மார்க்கின் மோர்டென் ஃப்ரோஸ்டும் 2015-இல் தொழில்நுட்ப இயக்குநராகத் திரும்பி வந்தார். ஆட்டக்காரர் லீ சோங் வெயோடு ஏற்பட்ட கருத்து வேற்றுமை 2017-இல் பகிரங்கமாகி, ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே அவர் போக நேர்ந்தது.

ஆகவே ஒரு சங்கம் கேட்டுக்கொள்ள வேண்டியது, அந்த மனிதர் முன்பு எத்தனை கிண்ணம் வென்றார் என்பதைக் காட்டிலும், அவர் விலகிய காரணம் இன்று நீங்கிவிட்டதா என்பதே. அதிகாரம் போதாமல் விலகியவருக்கு அதிகாரத்தைக் கூட்டித் தரும் எண்ணமுண்டா? பூசலினால் விலகினாரென்றால் அந்தப் பூசலின் மறுபாதி இன்னும் உள்ளே இருக்கிறதா? இளைஞர்களைப் பொறுமையாக வளர்த்து வென்றவரை, இரண்டு மாதத்தில் வெற்றி காட்ட வேண்டிய நிர்ப்பந்தத்தில் நிறுத்தப் போகிறார்களா? இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்து மூலமாகவே பதில் இருக்க வேண்டும், வாய்ச்சொல் பயன்படாது.

ராஜகோபாலைப் பற்றிய என் அபிப்பிராயமும் இதை ஒட்டியதே. 2010-இன் பையன்களில் பெரும்பாலோர் வயதேறித் திடலை விட்டுப் போய்விட்டார்கள். அவரும் எழுபதை ஒட்டிய வயதில் இருக்கிறார். மூத்த குழுவின் தலைமைப் பயிற்றுநர் ஆசனத்துக்கு அவரை மீண்டும் அழைப்பது, அவருடைய பெயரைக் கேடயமாகப் பிடிக்கும் காரியமாகவே முடியும். ஆனால் பெயரில்லாத இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, 1-5 என்ற தோல்விக்குப் பிறகும் அவர்களைச் சிதறவிடாமல் காத்த அந்த வித்தை, மலேசியக் காற்பந்துக்கு இன்றும் வேண்டியதாகவே இருக்கிறது. கிளானா ஜெயாவில் இருப்பவர்கள் அவரை 23 வயதுக்குட்பட்டோரின் பயிற்சித் திட்டத்துக்கு ஆலோசகராக, அதிகாரத்தையும் காலவரையறையையும் தெளிவாக எழுதிக்கொடுத்து, அழைக்க வேண்டும்; அதை அடுத்த தோல்வி வருமுன்பே செய்ய வேண்டும்.