ஒரே பாட்டு, இரண்டு தட்டு!

ஏழு அங்குல இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. வெளிவந்தபோது அதன் விலை ஒரு டாலருக்கும் குறைவு. இன்றோ, அதற்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கப் போட்டி போடுகிறார்கள், பழைய தட்டுகளைச் சேகரிப்பவர்கள்!

அப்படி அதில் என்ன விசேஷம்?

"ராக் அண்டு ரோல்" மன்னர் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு அது. பாட்டின் பெயர் "தட்ஸ் ஆல் ரைட்". அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் இருந்த "சன்" என்ற சிறு கம்பெனி, 1954 ஜூலையில் அதை வெளியிட்டது. தட்டின் எண் 209. அப்போது எல்விசுக்கு வயது 19.

தேய்ந்த தட்டுகள்

பத்திரப்படுத்தி வைக்க யாரும் அதை வாங்கவில்லை. இளைஞர்கள் வாங்கினார்கள், ஆடினார்கள். காசு போட்டால் பாடும் பெட்டிகளில் ஊசி பட்டுப் பட்டுத் தேய்ந்த தட்டுகள் பல. ஆகவே, கீறல் விழாத தட்டு கிடைப்பது அபூர்வம்.

கிராக்கி உள்ள சரக்குக்குப் போலி வராமல் இருக்குமா? மஞ்சள் லேபிள், பழுப்பு எழுத்து, சூரியக் கதிர், சேவல் படம் எல்லாவற்றையும் அப்படியே அச்சடித்து விடுகிறார்கள். அனுபவசாலிகள் லேபிளை மட்டும் நம்புவதில்லை. லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில் எண் பொறித்திருக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, அதையும் பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறார்கள்.

சிறு எழுத்தில் ஒரு பெயர்

லேபிளில் பாட்டின் பெயரை அடுத்து, அடைப்புக் குறிக்குள் இன்னொரு பெயரும் இருக்கிறது: ஆர்தர் குரூடப். யார் இவர்?

பாட்டின் சொந்தக்காரர்! கறுப்பர் இனப் பாடகர். 1946-ல் சிகாகோவில் இதே பாட்டைப் பாடிப் பதிவு செய்தவர்.

நிமிஷத்துக்கு 45 முறை சுற்றும் தட்டுகளை ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி 1949-ல் கொண்டு வந்தது. நம் ஊரிலும் பிரசித்தமான அந்த நாய்ப் படம்தான் அமெரிக்காவில் இந்தக் கம்பெனியின் சின்னம். பாட்டின் வகைக்கு ஏற்பத் தட்டுக்கும் நிறம் கொடுத்தார்கள். கறுப்பர் இசைக்கு ஆரஞ்சு நிறம். அந்த வரிசையின் முதல் தட்டே குரூடப்பின் "தட்ஸ் ஆல் ரைட்"தான்!

1955 நவம்பரில் இதே கம்பெனி, 35,000 டாலர் கொடுத்து எல்விசின் ஒப்பந்தத்தைச் "சன்"னிடமிருந்து வாங்கியது. அவர் பாடிய தட்டையும் தன் லேபிளில் மறுபடி வெளியிட்டது. ஒரே பாட்டு, இருவர் குரலில், ஒரே கம்பெனியிடம்!

எல்விஸ் கோடீசுவரர் ஆனார். குரூடப்போ வயலில் கூலி வேலை செய்தார். சேர வேண்டிய ராயல்டிக்காகப் போராடினார். அது முழுமையாகக் கைக்கு வராமலே 1974-ல் மறைந்தார்.

மஞ்சள் லேபிள் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. அதன் பக்கத்தில் ஆரஞ்சுத் தட்டையும் வைத்திருப்பவரே பாட்டின் முழுக் கதையையும் வைத்திருப்பவர்!