தூக்கி வீசியது யார்?

கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவர்கள் அத்திப்பட்டு தாண்டும்போது வட சென்னை அனல் மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிலக்கரி எரிந்து, தண்ணீர் நீராவியாகி, நீராவி டர்பைனைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. லட்சக்கணக்கான வோல்ட்டில் கிளம்பி, படிப்படியாகக் குறைந்து, 230 வோல்ட்டாக நம் வீட்டுக்கு வருகிறது. ஷாக் அடிக்க அதுவே தாராளம்.

“கரண்ட் ஆளையே தூக்கி வீசிடுச்சு” என்பார்கள். வீசியது கரண்ட் இல்லை, அவருடைய தசைகளேதான்! மூளை கையை அசைக்கச் சொல்வது நரம்பில் ஓடும் மெல்லிய மின்துடிப்பால். வெளி மின்சாரம் உள்ளே புகுந்தால் தசைகள் அதையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு முழுப் பலத்தோடு இறுகும். கால் இறுகினால் ஆள் தெறித்து விழுவார். விரல்கள் இறுகினாலோ பிடித்த கம்பியை விடவே முடியாது. அதுதான் பெரிய ஆபத்து. அப்படி யாராவது மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிக் கத்துங்கள்.

‘ஷாக்’ என்பது முன்பு ஆங்கிலத்தில் போர்க்களத்தில் படைகள் மோதுவதைக் குறித்த சொல். 1746இல் பிரான்சில் நோலே என்ற அறிஞர், 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து, லைடன் ஜாடியில் சேர்த்த மின்சாரத்தை அவர்கள் வழியே பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே நொடியில் துள்ளினார்கள்! அந்தக் காலத்தில்தான் ‘ஷாக்’ மின்சாரத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

ஈரக்கை ஏன் கூடாது? உலர்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும். தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கலாம். 230ஐ அதால் வகுத்தால் சுமார் 2 மில்லிஆம்பியர், வெறும் சுருக்கென்ற வலி. நனைந்துவிட்டால் தடை ஆயிரம் ஓமுக்கு இறங்கலாம். இப்போது வகுத்துப் பாருங்கள்: 230 மில்லிஆம்பியர்! இதயத்தின் தாளம் குலைய அதில் பாதிகூட வேண்டாம்.

அத்திப்பட்டு ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் இருப்பதோ 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாய்ந்துவிடும். அதனால் நிற்கிற நிலக்கரி வேகன் மேல் யாரும் ஏறக் கூடாது. காத்தாடி அந்தக் கம்பியில் சிக்கினால் நூலை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.