அம்மாவுக்கும் ஒரு டிராயிங் கிளாஸ்!

பாலக்கோட்டில் பொழுது விடிவதற்கு முன்பே தக்காளி மண்டி விழித்துக்கொள்ளும். வீடுகளிலும் அப்படித்தான். ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி, டிபன் கட்டி எல்லோரையும் அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் மணி பத்து.

அப்புறம்?

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை. இப்போது பையன் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறான். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் இருட்டிய பிறகுதான் வருவார். மிச்சம் இருப்பது டி.வி.யும், செல்போனும், முழங்கால் வலியும்தான்!

"எதுலயும் ஒரு பிடிப்பே இல்லைங்க டாக்டர். ராத்திரி தூக்கம் வர்றதில்ல. சும்மா சும்மா கண்ணுல தண்ணி வருது. பிளட் டெஸ்ட், தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லைங்கிறாங்க..."

ஐம்பதை நெருங்கும் பெண்கள் பலர் டாக்டர் முன்னால் உட்கார்ந்து சொல்லும் வார்த்தைகள் இவை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை, நீங்களே சொல்லியிருப்பீர்கள்!

சிலருக்கு இதற்கு மருந்து தேவைப்படும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மருந்து தேவைப்பட்டாலும் படாவிட்டாலும், எல்லோரும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஒருநாள், இரண்டு மணி நேரம், நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து கையால் எதையாவது செய்யக் கற்றுக்கொள்வது. படம் வரைவது, துணியில் பூ வேலை, களிமண் பொம்மை, கூடை பின்னுவது... எதுவாகவும் இருக்கலாம்.

"இந்த வயசுலயா? பேரன் பேத்தி எடுக்கிற காலத்துல டிராயிங் கிளாசா? தெருவுல சிரிப்பாங்க!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

விரல் அசைந்தால் மூளை அசையும்!

நம் உடம்பில் கை சின்ன உறுப்புதான். ஆனால் அசைவுகளை நடத்தும் மூளைப் பகுதியில் முதுகுக்கும் தொடைக்கும் ஒதுக்கியதைவிட விரல்களுக்கு ஒதுக்கிய இடம் ரொம்பப் பெரிது. ஊசியில் நூல் கோத்து, இழையை எண்ணி, அடுத்த தையல் எங்கே என்று பார்க்கும்போது கண், விரல், ஞாபகம், கவனம் நாலும் ஒன்றாக வேலை செய்கின்றன. அந்த நேரத்தில் 'மருமகள் ஏன் போன் பண்ணலை' என்ற கவலைக்கு மனசில் அவ்வளவாக இடம் இருக்காது!

2016-ல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. பெரியவர்கள் 39 பேரிடம் காகிதம், ஸ்கெட்ச் பேனா, களிமண் எல்லாம் கொடுத்து, '45 நிமிஷம் இஷ்டப்படி எதையாவது செய்யுங்கள்' என்று விட்டார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். டென்ஷன் ஏறும்போது உடம்பில் ஏறும் ஹார்மோன் அது. நாலில் மூன்று பேருக்கு அளவு குறைந்திருந்தது. இதில் முக்கியமான விஷயம், முன்பே வரைந்து பழகியவர்களுக்கும் பென்சிலையே தொடாதவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. படம் அழகாக வரவேண்டிய அவசியமே இல்லை!

அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு வயதானவர்களைப் பற்றியது. சராசரியாக 87 வயதுள்ள 256 பேரைச் சுமார் நாலு வருஷம் கவனித்தார்கள். நடுத்தர வயதிலும் முதுமையிலும் ஓவியம், சிற்பம் போன்றவற்றில் ஈடுபட்டவர்களுக்கு லேசான ஞாபக மறதிக் கோளாறு வரும் வாய்ப்பு 73 சதவீதம் குறைவாக இருந்தது. தையல், மரவேலை, மண்பாண்டம் போன்ற கைவேலை செய்தவர்களுக்கு 45 சதவீதம் குறைவு. நண்பர்களோடு கூடிப் பழகியவர்களுக்கு 55 சதவீதம் குறைவு. கைவேலைதான் மறதியைத் தடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மூளை தெளிவாக இருப்பவர்கள்தான் இதிலெல்லாம் ஈடுபடுகிறார்களோ என்னவோ! ஆனாலும் கைவேலை, கூட்டம் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது இந்த மாதிரி கிளாஸில்தானே?

கலைக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1938-ல் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் டி.பி. வந்து சானடோரியத்தில் படுத்திருந்தார். அப்போது அந்த நோய்க்கு இன்றுள்ள மருந்துகள் கிடையாது. மாதக்கணக்கில் படுக்கைதான். பொழுது போகாமல் படுத்தபடியே கண்ணில் பட்டதை வரைய ஆரம்பித்தார். மனசு லேசானது. பிறகு பக்கத்துக் கட்டில் நோயாளிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை வைத்தவரும் அவர்தான்.

நம்ம மாவட்டத்திலேயே ஒரு கதை!

அமெரிக்கா, இங்கிலாந்து எல்லாம் இருக்கட்டும். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி போய், அங்கிருந்து அரூர், கோட்டப்பட்டி வழியாகப் போனால் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு வரும். மலைவாழ் மக்களும் லம்பாடி மக்களும் வாழும் இடம்.

1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதி அங்கே போய், ஓர் ஓலைக் குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். கணவர் மயக்க மருந்து நிபுணர், மனைவி மகப்பேறு மருத்துவர். அப்போது அந்தப் பகுதியில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துபோயின. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பார்த்து, வருஷக்கணக்கில் உழைத்து அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். குடிசை ஆஸ்பத்திரி ஆனது.

இந்த டாக்டரம்மா 2006-ல் என்ன ஆரம்பித்தார் தெரியுமா? பெண்களுக்கு ஊசி நூல் வேலை!

லம்பாடிப் பெண்களின் பாவாடை, ரவிக்கையில் கண்ணாடிச் சில்லும் சோழியும் வைத்துத் தைக்கும் பூ வேலையைப் பார்த்திருப்பீர்கள். கர்நாடகத்தின் சண்டூர் லம்பானி பூ வேலைக்கு 2010-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் சிட்லிங்கியில் அந்த வேலை கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று பெண்கள் சேலைக்கு மாறிவிட்டார்கள். பழைய உடுப்பு பெட்டிக்குள் போனது. அம்மா தைக்கவில்லை, ஆகவே மகளும் கற்கவில்லை. இரண்டு தலைமுறை இப்படியே போய்விட்டது.

வேலை தெரிந்த மூத்த பெண்கள் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். அவர்கள்தான் டீச்சர்! இளம் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அமைப்புக்கு 'போர்கை' என்று பெயர் வைத்தார்கள். லம்பாடி மொழியில் 'பெருமை' என்று அர்த்தம். பின்னாளில் சுமார் அறுபது பெண்கள் இதில் சேர்ந்தார்கள். அவர்கள் தைத்த துணிகள் வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போயின. வேலை தேடித் திருப்பூர் பக்கம் போக வேண்டிய பெண்களுக்கு ஊரிலேயே கையில் நாலு காசு கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். 'பழைய காலத்து ஆள், இவங்களுக்கு என்ன தெரியும்' என்று ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள், ஊருக்கே டீச்சர் ஆனார்கள். அந்த வயதில் 'நம்மால் ஒரு உபயோகம் இருக்கு' என்ற நினைப்பைவிடப் பெரிய டானிக் உண்டா? கற்பவருக்கு மட்டுமல்ல, கற்றுத் தருபவருக்கும் இது மருந்துதான்.

"எனக்கு வரையத் தெரியாதே!"

இதைச் சொல்லும் அதே அம்மா மார்கழியில் பதினைந்து புள்ளி வைத்து, ஒரு கம்பி பிசகாமல் சிக்குக் கோலம் போடுவார்! ஸ்கேல் இல்லை, ரப்பர் இல்லை. குனிந்த நிலையில், மாவு விரலிடுக்கில் ஒரே சீராக விழ வேண்டும். காகிதத்தில் கோடு போடுவது அதைவிடக் கஷ்டமா என்ன?

கோலத்தைத் தினமும் அழித்துவிட்டு மறுநாள் புதிதாகப் போடுகிறோம். சரியாக வரவில்லை என்றால் யாரும் அழுவதில்லை. டிராயிங் நோட்டையும் அந்த மனசோடுதான் திறக்க வேண்டும்.

நம்ம ஊரில் எப்படி ஆரம்பிப்பது?

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட 'தட்சிணசித்ரா' போன்ற இடங்களில் பெரியவர்களுக்கும் கைவினைப் பயிற்சிகள் நடக்கின்றன. பாலக்கோட்டிலிருந்து வாராவாரம் அங்கே போக முடியுமா? தேவையும் இல்லை. கலை மையம் என்பது கட்டடம் அல்ல, சேர்ந்து உட்காரும் நாலு பேர்தான்!

பெண்கள் குழுவாகக் கூடுவது தர்மபுரி மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் கால் ஊன்றியதே இங்கேதான். சேமிப்புக்குக் கூடுகிற கூட்டம், ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் கைவேலைக் கிளாஸ்!

* ஐந்தாறு பேர் போதும். யார் வீட்டுத் திண்ணையோ, ஹாலோ, மாலையில் காலியாகும் பள்ளி வகுப்பறையோ போதும். நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும்.

* நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். 'சனிக்கிழமை நாலு மணி' என்றால் அது டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மாதிரி!

* டீச்சரைத் தெருவிலேயே தேடுங்கள். குரோஷா பின்னுகிற பாட்டி, ஒயர் கூடை போடுகிற அக்கா, ரிட்டயரான டிராயிங் மாஸ்டர்... நிச்சயம் ஒருவராவது இருப்பார்.

* ஆரம்பச் செலவு கம்மிதான். ஒரு நோட்டு, பென்சில், கலர் டப்பா. அல்லது ஒரு முழம் காடாத் துணி, கலர் நூல், துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம். ஒரு சினிமாவுக்குப் போகிற செலவுதான் ஆகும்.

* முதல் இரண்டு மாதம் விற்பனை, பரிசு, போட்டி பேச்சே வேண்டாம். 'யாருது நல்லா இருக்கு' என்று ஆரம்பித்தால், டென்ஷன் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்!

* ஆண்களும் வரலாம். சர்க்கரை ஆலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ரிட்டயராகி, பேப்பரை மூன்று தடவை படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்கு இது ரொம்பவே தேவை.

இதையும் கவனியுங்கள்

கண்: நாற்பதுக்கு மேல் கிட்டப்பார்வை மங்குவது சகஜம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றால் கைவேலையை விடாதீர்கள், கண்ணாடி போடுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலை நிமிர்ந்து தூரத்தில் பாருங்கள்.

முதுகு, கழுத்து: கூன் போட்டு உட்காராதீர்கள். மூட்டு வலி உள்ளவர்கள் தரையில் சம்மணம் போட வேண்டாம், நாற்காலியும் மேஜையும் நல்லது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு நடை நடங்கள்.

சர்க்கரை நோயாளிகள்: விரல் மரத்துப்போனவர்களுக்கு ஊசி குத்தியதே தெரியாது. விரலுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் கைகளைப் பாருங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள்: டர்பன்டைன், வார்னிஷ் நெடி ஆகாது. தண்ணீரில் கரையும் கலர் போதும். களிமண் வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூசி பறக்காது.

பேரன் பேத்தி உள்ள வீடு: ஊசி, பிளேடு, கலர் டப்பா எல்லாம் எண்ணி மூடி மேலே வையுங்கள்.

கைவேலை டாக்டருக்கு மாற்று அல்ல: இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சோகம், தூக்கமின்மை, எதிலும் ஆர்வமின்மை இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 'உயிரோடு இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை, 'இப்பத்தான் கிளாஸுக்குப் போறேனே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் ஹிந்தி கிளாசுக்கும், கராத்தே கிளாசுக்கும் வருஷக்கணக்கில் நடந்து கூட்டிப்போய், வாசலில் காத்திருந்தவர் அந்த அம்மா. அவர் ஒரு கிளாசுக்குப் போகிறேன் என்றால் "எதுக்கு இப்ப?" என்று கேட்காதீர்கள். அன்றைக்கு மட்டும் நீங்கள் காபி போடுங்கள்.

முதல் நாள் அவர் வரைந்த வாழைப்பழம் கத்தரிக்காய் மாதிரி இருக்கலாம். பரவாயில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருகிறாரா? அதைப் பாருங்கள்!