பியானோவின் ‘ஆக்‌ஷன்’ பழுதானால் யார் பொறுப்பு?

பியானோ விசையை அழுத்தியதும் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. விசைக்கும் கம்பிக்கும் இடையில் இயங்கும் இந்த அமைப்புதான் ‘ஆக்‌ஷன்’. 88 விசைகளுக்கும் சேர்த்து ஆயிரக்கணக்கான சிறு பாகங்கள் இதில் உள்ளன.

பல நிறுவனங்கள் ஆக்‌ஷனைச் சொந்தமாகச் செய்வதில்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1882-இல் தொடங்கப்பட்ட ரென்னர் நிறுவனம், ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பலருக்கு அதனை வழங்கி வந்தது. 2019-இல் அதனை ஸ்டெயின்வே வாங்கியது.

பாகங்களை அளவு பிசகாமல் செய்து தருவது ஆக்‌ஷன் தயாரிப்பாளரின் கடமை. தன் பியானோவுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து, பொருத்தி, சீராக்குவது பியானோ நிறுவனத்தின் கடமை. நல்ல பாகமாக இருந்தாலும், சரியாகப் பொருத்தாவிட்டால் விசை கனக்கும். வாசிப்பவரின் விரல் சோர்ந்துவிடும்.

தேர்வில் தவறினாலும் சிக்கல்தான். 1960-களில் நியூயார்க் ஸ்டெயின்வே, ஆக்‌ஷனின் மூட்டுகளில் கம்பளித் துணிக்குப் பதிலாக டெஃப்லான் வைத்தது. காற்றின் ஈரத்திற்கேற்ப மரம் உப்பிச் சுருங்கியது. டெஃப்லான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. சில பியானோக்களில் ‘டக் டக்’ சத்தம் எழுந்தது. பின்னர் அந்நிறுவனம் துணிக்கே திரும்பியது.

பாகம் எங்கிருந்து வந்தாலும், வாங்குபவர் நம்புவது பியானோவின் மேல் பொறித்த பெயரைத்தான். அதனால் முழு வாத்தியத்திற்கும் அந்த நிறுவனமே பதில் சொல்ல வேண்டும்.

ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ வாங்கும் பெற்றோர், ஆக்‌ஷனுக்கும் உத்தரவாதம் உண்டா, வீட்டுக்கு வந்து சீராக்கித் தருவார்களா என்று கடையில் கேட்டு, எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது நல்லது.