பெல்ட் வாங்கும்வரை ஆபத்து காத்திருக்குமா?

பெண் பிள்ளையைக் கராத்தேயிலோ சிலம்பத்திலோ சேர்க்கும் பெற்றோர் பெரும்பாலும் சொல்லும் காரணம், "நாளைக்கு ஒண்ணுன்னா தன்னைத்தானே காப்பாத்திக்கணும்." நியாயமான ஆசைதான். ஆனால் பிளாக் பெல்ட் வாங்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அவளுக்கு என்ன பாதுகாப்பு?

மரபுக் கலைகள் தரும் பலம்

சிலம்பத்தின் காலடியும் வீச்சும் தோள், இடுப்பு, கால்களை உறுதியாக்கும். மூச்சு சீராகும், கவனம் கூடும். கேரளத்தின் வடகரையில் களரி கற்பிக்கும் மீனாட்சி அம்மா 2017-இல் பத்மஸ்ரீ பெற்றபோது எழுபது வயதைக் கடந்திருந்தார். ஆரோக்கியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் போட்டிக் களத்தில் விதி உண்டு, நடுவர் உண்டு, எதிராளி யாரென்று தெரியும். நெரிசலான பேருந்திலும் இருட்டு மாடிப்படியிலும் இவை எதுவும் கிடையாது.

கை கால் ஓடாமல் போவது ஏன்?

திடீர் அச்சத்தில் அட்ரினலின் பெருகும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நுணுக்கமான அசைவுகள் வராது. சிலருக்கு உடலே உறைந்து, குரல்கூட எழும்பாது. இது நரம்பு மண்டலத்தின் இயல்பு. சம்மதமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் "ஏன் கத்தவில்லை?" என்று யாரும் கேட்கக் கூடாது.

அதனால்தான் நடைமுறைத் தற்காப்புப் பயிற்சியில் பெரிய, எளிய அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்: உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில் தாக்குவது, முழங்கையால் இடிப்பது, முழங்காலால் உதைப்பது. மணிக்கட்டை ஒருவர் பற்றினால் பின்னோக்கி இழுக்கக் கூடாது, பிடி இறுகும். பற்றியவரின் கட்டைவிரல் பக்கம்தான் பிடி பலவீனமாக இருக்கும். முழங்கையை மடக்கி, அவரை நோக்கி ஓரடி வைத்து, அந்தப் பக்கமாகக் கையைச் சட்டென்று திருப்பி உருவ வேண்டும். கை விடுபட்டதும் சத்தம் போட்டுக்கொண்டு ஆட்கள் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். இன்னொரு அடி கொடுக்க நிற்கவே கூடாது.

தெரிந்தவரே கை வைத்தால்?

பயிற்சிக்கூடங்கள் பலவும் பேசத் தயங்கும் இடம் இது. இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவரே. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர். அவரிடம் "வேண்டாம், கையை எடு" என்று உரக்கச் சொல்வது குத்துவிடுவதைவிடக் கடினம்.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவியருக்கு, தெரிந்தவரிடம் ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்வது, தயக்கத்தை உடைப்பது, எதிர்ப்பது எனப் பன்னிரண்டு மணி நேரம் கற்பித்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானோர் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம். இந்தக் கணக்கு எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது. அதேசமயம், குற்றத்தின் முழுப் பொறுப்பும் குற்றவாளியுடையதே; பயிற்சி பெறாத பெண் எந்த விதத்திலும் குறைந்தவள் அல்ல.

பெற்றோருக்கு

மகள் சிலம்பம் கற்றால் நிறுத்தாதீர்கள். குரல் கொடுக்கவும், பிடியிலிருந்து விடுபடவும், தெரிந்தவரை மறுக்கவும் சேர்த்துக் கற்றுத்தருமாறு மாஸ்டரிடம் கேளுங்கள். என்ன நடந்தாலும் வீட்டில் வந்து சொல்லலாம் என்ற தைரியத்தை நீங்கள் கொடுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.