கறுப்புக் காரும் நம்ம ஊர்த் தூசியும்



திருவொற்றியூரில் ராத்திரி வெளியே நிறுத்திய வண்டியைக் காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள். விரல் நுனி சாம்பல் நிறமாகும். "வெறும் தூசிதானே"ன்னு காய்ந்த துணியால பட்பட்டுன்னு துடைச்சிட்டுப் போறவங்கதான் அதிகம். கறுப்புக் காரைக் கெடுப்பதில் வெயிலுக்கு முன்னால் இந்தத் துணிதான் நிற்கிறது என்பது என் கருத்து.

அந்தத் தூசியில் என்ன இருக்கு? கடற்கரை மணல், கன்டெய்னர் லாரி கிளப்புற மண், நிலக்கரித் தூள், அனல்மின் நிலையச் சாம்பல். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்று, எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனா அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுது. நிலக்கரியோடு கலந்திருக்கும் களிமண் உலைச் சூட்டில் உருகி, ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகளாகிவிடும். காய்ந்த துணியால் தேய்ப்பது, மணலும் கண்ணாடியும் போட்டுத் தேய்ப்பது மாதிரிதான்.

காரின் நிறத்துக்கு மேலே 'கிளியர் கோட்' என்ற நிறமில்லாத பூச்சு இருக்கும். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான். நம்ம நோட்டுத் தாளைவிட மெல்லிசு! வெள்ளைக் காரிலும் இதே கீறல்தான் விழும். ஆனால் வெள்ளைச் சுவரில் சாக்பீஸ் கோடு தெரியுமா? கரும்பலகையில்தானே தெரியும்!

என் மாமா பழைய கறுப்புக் கார் ஒன்றைத் தவணையில் வாங்கி டிராவல்ஸுக்கு ஓட்டுகிறார். பளபளப்பு இருந்தால்தான் கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க. ஞாயிற்றுக்கிழமை கழுவும் வேலை எனக்கும் அவருக்கும்.

வெயில் ஏறும் முன் நிழலில் நிறுத்திவிடுவோம். கறுப்புத் தகடு சீக்கிரம் சுடும், தண்ணீர் அங்கேயே காய்ந்து வட்டம் வட்டமாக உப்புக்கறை படியும். எங்க தெரு போர் தண்ணி உப்பு. அதனால் கடைசியாக ஊற்ற மட்டும் ரெண்டு குடம் நல்ல தண்ணி எடுத்து வைப்போம். (அத்தை முறைப்பாங்க, அது வேற விஷயம்!)

முதலில் கை வைக்காமல் தண்ணீரை மட்டும் ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். பிறகு ரெண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் துணி அலச வெறும் தண்ணீர். துணி தூக்கி வந்த மணல் அந்த ரெண்டாவது பக்கெட்டின் அடியில் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். மேற்கூரையில் தொடங்கிக் கீழே வரணும், நேர்கோடாகத் துடைக்கணும். துணி சோப்புத்தூள் வேண்டாம், பழைய மெழுகையும் வழித்துக்கொண்டு போய்விடும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் ஈரம் போய்விடும்.

அப்புறம் மெழுகு. நல்ல மெழுகில் கலக்கும் கார்னாபா, பிரேசில் நாட்டுப் பனை வகை மரத்தின் இலையிலிருந்து கிடைப்பது. நம்ம தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருளுதே, அங்கேயும் மெழுகுதான் வேலை செய்யுது. கொஞ்சமாக எடுத்து மெல்லிசாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்துவிட வேண்டும். கனமாகப் பூசினால் துடைத்தே கை வலிக்கும், பலன் ஒன்றுமில்லை. உப்புக்காற்றின் ஈரம் பெயின்ட்டில் ஒட்டாமல் இது தடுக்கும். ஏற்கெனவே பெயின்ட் பெயர்ந்த இடத்துக்கு மெழுகு போதாது. அங்கே டச்-அப் பெயின்ட் வைக்காவிட்டால் துரு உள்ளே ஓடிவிடும்.

மெழுகு இருக்கா, போச்சா? கொஞ்சம் தண்ணீர் தெளியுங்க. முத்து முத்தாக நின்றால் இருக்கு. பரவி ஓடினால் மறுபடி டப்பாவைத் திறக்க வேண்டியதுதான்.